பன்னிரண்டு கோடு

நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்த காலத்தில் இன்சுலின் சிரிஞ்சில் இருபது கோடுகள் இருக்கும். மருந்து மூன்று வீரியத்தில் வரும். இருபது என்று சீட்டு ஒட்டிய குப்பியானால் ஒரு கோட்டுக்கு ஒரு யூனிட். நாற்பதானால் ஒரு கோட்டுக்கு இரண்டு. எண்பதானால் நான்கு. டாக்டர் எழுதுவது யூனிட். சிரிஞ்சில் தெரிவது கோடு. நடுவிலிருக்கிற வகுத்தல் கணக்கை நர்ஸ் போட வேண்டும். "நோயாளியின் மருந்துக் கார்டில் கோடு என்று எழுதவே எழுதாதீர்கள், யூனிட் என்றே எழுதுங்கள்" என்று எங்களுக்குப் பாடம் எடுத்த டியூட்டர் சொன்னார். நான் அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு முறை கோடு போட்டுக்கொண்டேன்.

வகுப்பு மாடியில் நடந்தது. வார்டு கீழே இருந்தது. ஒரு மாடி இறங்குவதற்குள் அந்தப் பாடம் எங்கே போனதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், இருந்தது தாராவியில். அப்பாவுக்குத் தோல் பதனிடும் டானரியில் வேலை. வருஷக்கணக்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று அவர் காலில் நகமே கிடையாது. எங்கள் சந்தில் மெட்ரிக் பாஸ் பண்ணிய முதல் பெண் நான். மாட்டுங்காவைத் தாண்டி எங்கும் போயிராத நான் வெள்ளை உடுப்பும் கஞ்சி போட்ட தொப்பியும் மாட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததைப் பார்க்க அம்மா கேட் வரைக்கும் வந்தாள். காவலாளி அவளை உள்ளே விடவில்லை.

இரண்டாம் வருஷம் பெண்கள் மெடிகல் வார்டில் போட்டார்கள். வார்டு சிஸ்டர் தமிழ்க்காரி என்று தெரிந்ததும் எனக்கு ஏதோ சொந்தக்காரர் கிடைத்த மாதிரி இருந்தது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். டாக்டர்களிடம் இங்கிலீஷ், ஆயாக்களிடம் இந்தி, மராத்தி. தமிழ் எங்களைத் திட்டுவதற்கு மட்டும். ஆனால் வேலையில் அவரைப்போல் வேகமானவரை நான் பார்த்ததில்லை. நாற்பது கட்டில் வார்டை ஆறு பேரை வைத்துக்கொண்டு ஓட்டினார். அந்த வேகத்துக்கு அவர் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, இன்சுலின் கார்டில் யூனிட்டை எழுதாமல் நேராகக் கோட்டையே எழுதிவிடுவது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்போதும் நாற்பதுதான் வரும். அதனால் டாக்டர் இருபத்துநாலு யூனிட் என்று எழுதினால் சிஸ்டர் கார்டில் பன்னிரண்டு என்று போட்டுவிடுவார். நாங்கள் பன்னிரண்டாம் கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டுப் போவோம். கணக்குப் போட வேண்டாம், நேரம் மிச்சம்.

என்னோடு அதே வார்டில் போட்டிருந்த இன்னொருத்தி செம்பூர்க்காரி. பாலக்காட்டுக் குடும்பம், அப்பா ஏதோ ஆபீஸில் சூப்பரிண்டெண்ட். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் வந்தால் எனக்கும் சேர்த்து ஒரு டப்பாவில் முறுக்கு கொண்டுவருவாள். சிஸ்டரின் பன்னிரண்டைப் பற்றி அவளிடம்தான் நான் முதலில் சொன்னேன்.

"கிளாஸ்ல சொன்னதுக்கு நேர் மாறா இருக்கே?"

"கிளாஸ் கிளாஸ்தான், வார்டு வார்டுதான். உனக்கு எதுக்கு வம்பு?" என்றாள்.

பதினோராம் கட்டிலில் ஒரு அக்கா இருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது. திருநெல்வேலிப் பக்கம், இப்போது வீடு சுனாபட்டியில். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை. சர்க்கரை வியாதி, வலது கால் பெருவிரலில் ஆறாத புண். வார்டு முழுக்க அவள் குரல்தான் கேட்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லும் ரைம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அர்த்தம் தெரியாமல் திருநெல்வேலி ராகத்தில் இழுத்துப் பாடுவாள். பக்கத்துக் கட்டில் குஜராத்திப் பாட்டிகள் எல்லாம் சிரிப்பார்கள்.

தினமும் காலையில் அவள் மூத்திரத்தை நீலத் திரவத்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பேன். நிறம் பச்சையானால் பரவாயில்லை, செங்கல் நிறமானால் சர்க்கரை மிஞ்சிவிட்டது என்று கணக்கு. அவளுக்கும் அது பழகிவிட்டது. "என்னட்டி, இன்னிக்கு என்ன கலரு?" என்று தூரத்திலிருந்தே கத்துவாள். ஊசி போட நான் வந்தால்தான் கையை நீட்டுவாள். வேறு யாராவது வந்தால், "எங்கூர்ப் பிள்ள வரட்டும்" என்று போர்வைக்குள் கையை ஒளித்துக்கொள்வாள். எனக்கு அதில் பெருமை. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் என்னை அதிகம் சுடுகிறது.

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறுவருஷம், மழைக்காலம். ஒருநாள் காலையில் மருந்துத் தட்டை எடுத்தேன். இன்சுலின் குப்பியில் வழக்கமான நீலச் சீட்டு இல்லை, பச்சைச் சீட்டு. எண்பது. நாற்பது வரவில்லை, இருந்ததை அனுப்பியிருக்கிறார்கள். நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். பதினோராம் கட்டில் அக்காவுக்கு டாக்டர் எழுதியது இருபத்துநாலு யூனிட், நாலால் வகுத்தால் ஆறு. இரண்டாம் முறையும் வகுத்தேன். ஆறாவது கோடு வரை இழுத்துக்கொண்டு சிஸ்டரிடம் காட்டப் போனேன். சிஸ்டர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மாணவிகள் ஊசி போடலாம் என்பது சட்டம். செம்பூர்க்காரி அடுத்த கட்டிலுக்கு மருந்து எடுத்தபடி மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

சிஸ்டர் என் சிரிஞ்சைப் பார்த்தார்.

"பாதிதானே இருக்கு? கார்டுல என்ன போட்டிருக்கு?"

"பன்னிரண்டு, சிஸ்டர். ஆனா இது எண்பது. டாக்டர் இருபத்துநாலு யூனிட்தானே…"

"நான் எழுதினது தப்புங்கறியா?"

"இல்ல சிஸ்டர். குப்பி மாறியிருக்கு. சீட்டு பச்சை…"

"டாக்டர் சாப் ரவுண்டுக்கு வர நேரம், நீ சீட்டுக் கலர் பாத்துண்டு நிக்கறே. சும்மா காலிபீலி பேசாதே. நீ டாக்டரா? கார்டுல பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. போய்ப் போடு."

நான் குப்பியை அவர் முன்னால் நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. ரவுண்டு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். டியூட்டர் சொன்ன கணக்கு சரி, சிஸ்டர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒருவேளை எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு குப்பியில் ஊசியைக் குத்தி, பன்னிரண்டாவது கோடு வரை இழுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானேதான் இழுத்தேன்.

பதினோராம் கட்டில் அக்கா கையை நீட்டினாள். சிரிஞ்சை ஒரு கண்ணால் பார்த்தாள். "பன்னெண்டு கோடுதான?" என்றாள். அவளுக்கும் அந்த எண் மனப்பாடம்.

"ஆமாக்கா" என்றேன்.

இன்சுலின் போட்ட அரை மணிக்குள் பாலும் ரொட்டியும் கொடுத்துவிட வேண்டும். மருந்து ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் இறங்கிக்கொண்டே போகும். மூளைக்குச் சர்க்கரையைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. இதுவும் பாடத்தில் இருந்தது. அன்றைக்கு ரொட்டி வண்டி வருவதற்கு முன்னால், புண் இருக்கிற காலை எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு ஆயா வந்து அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் அப்போது கோடி வரிசையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க யாருமில்லை.

பத்து மணி இருக்கும். பதினோராம் கட்டில் பக்கம் போனபோது அலமாரி மேல் ரொட்டி அப்படியே இருந்தது. பாலில் ஆடை கட்டியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் எக்ஸ்ரே அறைக்கு ஓடினேன். வராந்தாவில் நீளமான வரிசை. சுவரோரம் நாற்காலியில் அக்கா தலை தொங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். தொட்டேன். புடவை நனைந்து பிழிகிற மாதிரி வேர்வை, உடம்பு பச்சைத் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது. பல்லைக் கிட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அக்கா" என்று உலுக்கினேன். கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கண் விழித்தாள். உயிர் இருந்தது. பேச்சு இல்லை. வலது கை தூக்க வரவில்லை. வாயைத் திறந்தால் "அ… அ…" என்று ஒரே சத்தம்தான். வார்டில் ரைம் பாட ஆளில்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் மேட்ரன் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் டாக்டரின் தாளும் இன்சுலின் கார்டும் இருந்தன. கார்டைப் பார்த்தேன். புதுக் கார்டு. ஓரம் மடங்காதது, மை இன்னும் கருநீலமாய்ப் பளபளத்தது. அதில் சிஸ்டர் கையெழுத்தில் அழகாக "24 யூனிட்" என்று இருந்தது. அந்த வார்டில் யூனிட் என்ற வார்த்தையை அவர் கையால் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேட்ரன் வெள்ளைக்காரி இல்லை, ஆனால் இங்கிலீஷ் தவிர எதுவும் பேசமாட்டார். நான் என் அரைகுறை இங்கிலீஷில் எல்லாம் சொன்னேன். ஆறு கோடு எடுத்தேன், சிஸ்டரிடம் காட்டினேன், குப்பி மாறியிருக்கிறது என்று சொன்னேன், பன்னிரண்டு போடச் சொன்னார்.

"அவள் சிரிஞ்சை என்னிடம் காட்டவே இல்லை" என்றார் சிஸ்டர். குரலில் கோபம்கூட இல்லை.

"பக்கத்தில் யாராவது இருந்தார்களா?" என்று மேட்ரன் கேட்டார். நான் செம்பூர்க்காரியைச் சொன்னேன். கூப்பிட்டார்கள். வந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் என் மருந்தை எடுத்துக்கொண்டிருந்தேன், மேடம். எதுவும் காதில் விழவில்லை" என்றாள்.

எனக்கு ஒரு தாளைக் கொடுத்தார்கள். டைப் அடித்து வைத்திருந்தது. குப்பியின் வீரியத்தைக் கவனிக்காமல், சிரிஞ்சைத் தப்பாகப் படித்து, மேற்பார்வைக்குக் காட்டாமல் ஊசி போட்டுவிட்டேன், மன்னிக்கவும் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பயிற்சி ஆறு மாதம் நீளும். போடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

ஒருநாள் தவணை கேட்டுக்கொண்டு தாராவிக்குப் போனேன். அப்பாவிடம் சொன்னேன்.

"நீ செஞ்சியா தாயி?"

"நாந்தான் ஊசி போட்டேன். ஆனா நான் சொன்னேன்ப்பா, அவங்கதான்…"

"நீ சொன்னேன்னு சொல்லுததுக்கு ஆளு இருக்கா?"

"இல்ல."

"அப்போ கையெழுத்துப் போட்டுரு. சண்டை போட்டு செயிக்கதுக்கு நாம யாரு? படிப்பு போச்சுன்னா இந்த நாத்தத்துலதான் கெடக்கணும்."

மறுநாள் கையெழுத்துப் போட்டேன். இதுவரை நடந்ததையெல்லாம் அடுத்தவர் தலையில் போட்டுவிடலாம். சிஸ்டர், செம்பூர்க்காரி, மேட்ரன், அப்பா என்று வரிசையாக ஆள் இருக்கிறது. இனிச் சொல்லப்போவதற்கு யாரும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அக்காவின் புருஷன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வடாலா கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குபவர். பெரிய உடம்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என் வயசுப் பெண்ணுக்காக அவர் எழுந்திருக்க வேண்டியதே இல்லை.

"டாக்டர் இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுதாரு, எனக்கு வெளங்கல. கால் புண்ணுக்குத்தான வந்தா, பேச்சு எப்படிம்மா போச்சு? நீ நம்ம ஊர்ப் பிள்ள. நீயாவது சொல்லு."

பக்கத்தில் சிஸ்டர் இல்லை, மேட்ரன் இல்லை. என்னை மிரட்ட அந்தப் படியில் ஒருத்தரும் இல்லை.

"சர்க்கரை வியாதி அப்படித்தான் அண்ணாச்சி. சில சமயம் மூளைக்கு ஏறிரும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "எல்லாம் எங்க நேரம்" என்று சொல்லிவிட்டு, "நீ நல்லாப் பாத்துக்கிட்டேன்னு அவ எப்பவும் சொல்லுவா" என்றார்.

ஆறு மாதம் கூடுதலாகப் பெட்பேன் கழுவினேன். கடைசிப் பரீட்சையின் செய்முறைத் தேர்வுக்கு எங்கள் சிஸ்டரே வந்தார். அதற்குள் அவருக்குப் பதவி உயர்ந்திருந்தது. "மருந்து கொடுக்குமுன் சரிபார்க்க வேண்டியவை எவை?" என்று என்னைக் கேட்டார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று ஒப்பித்தேன். அளவு என்று சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்தேன். ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். "வெரி குட்" என்று மார்க் போட்டுவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

பாஸ் ஆனேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை இல்லை என்றார்கள். செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை டிஸ்பென்சரியில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரமே வழியில் சுனாபட்டியில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தினமும் கம்பவுண்டரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார் புருஷன். வரிசை பெரிதாக இருந்தால் வேலைக்கு நேரமாகிவிடும், அன்றைக்கு ஊசி கிடையாது.

"நான் போற வழிதான் அண்ணாச்சி. தினம் காலையில நானே வந்து போட்டுட்டுப் போறேன்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இப்படி ஒரு பிள்ளை உண்டா என்றார். எனக்கு ஒரு முக்காலி போட்டு, டீ கொடுத்தார். குடித்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் அந்த டீயைக் குடித்தேன்.

அக்கா என்னைப் பார்த்து "அ…" என்பாள். இடது கையை நீட்டுவாள். சில நாள் சிரிஞ்சை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கை நீட்டமாட்டாள். அவளுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா, சும்மா பார்த்தாளா, என்னால் சொல்ல முடியாது. நான் குப்பியை வெளிச்சத்தில் காட்டி, சீட்டைச் சத்தம் போட்டுப் படித்து, கணக்கை வாய்விட்டுச் சொல்லி, பிறகுதான் போடுவேன். புருஷன் அதைப் பார்த்து, "எவ்வளவு கவனம் பாரு" என்பார்.

ஒருநாள் செம்பூர் ஸ்டேஷனில் என் பழைய தோழியைப் பார்த்தேன். கல்யாணமாகி, வேலையை விட்டிருந்தாள். அவள்தான் முதலில் பேசினாள். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, "என்மேல இன்னும் கோபமா?" என்றாள்.

"உனக்குக் கேட்டுது. எல்லாம் கேட்டுது" என்றேன்.

"கேட்டுது. பயந்தேன். ஆத்துல கல்யாணம் பேசிண்டிருந்தா, பேர் கெட்டுப்போயிடும்னு அப்பா…" என்று நிறுத்தினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் மேட்ரன்கிட்டதான் பொய் சொன்னேன். நீ அந்தப் பதினோராம் கட்டில் மாமியோட ஆத்துக்காரர்கிட்ட என்ன சொன்னே? வாசப்படியிலே நீங்க ரெண்டு பேரும் பேசிண்டிருந்ததை நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

வண்டி வந்துவிட்டது. நான் ஏறவில்லை. அவள் போன பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஊசி போட்டு முடித்ததும் அண்ணாச்சியை வெளியே கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். கோடு, யூனிட், பச்சைச் சீட்டு, சிஸ்டர் சொன்னது, நான் இழுத்தது, ரொட்டி கிடைக்காதது, எதையும் விடவில்லை. முடித்த பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் காயிதத்துல நீ கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"அப்போ நீதான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். திட்டவில்லை, அடிக்க வரவில்லை. உள்ளே போய், நான் வைத்திருந்த சிரிஞ்சு டப்பாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"இனி இந்தப் பக்கம் வராத."

"ஊசிக்கு என்ன செய்வீங்க? ஒருநாள்கூட விடக்கூடாது அண்ணாச்சி, புண்ணு…"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

உள்ளேயிருந்து அக்கா "அ… அ…" என்று சத்தம் கொடுத்தாள். நான் போவதற்கு முன் தினமும் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போவேன், அதற்காகக் கூப்பிட்டிருப்பாள். அவர் கதவைச் சாத்தினார்.

பிறகு மறுபடி கம்பவுண்டர். மறுபடி வரிசை, மறுபடி விட்டுப்போன நாட்கள். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. மழை முடிவதற்குள் புண் பாதத்துக்கு ஏறி, காலை எடுத்தார்கள். தீபாவளிக்குப் பிறகு இறந்துபோனாள். டானரியில் யாரோ சொன்னார்கள் என்று அப்பா வந்து சொன்னார். நான் போகவில்லை. போனால் அவர் வாசலில் நின்று மறிப்பார் என்ற பயம் இருந்தது. மறிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

உண்மையைச் சொன்னது நல்லதுதான் என்று பிற்பாடு என்னிடம் சிலர் சொன்னார்கள். சொன்ன அன்றைக்கு எனக்கு மார்பு லேசாயிற்று. அவளுக்கு ஊசி போட ஆளில்லாமல் போயிற்று. சொல்லாமலே அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தால் அவள் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாள், நான் பொய்க்காரியாகவே இருந்திருப்பேன். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால் தெரியாது. அப்பா வந்து சொன்ன மறுநாளும் நான் வேலைக்குப் போனேன். இயந்திரத்தில் விரல் நசுங்கிய ஒருவருக்குக் கட்டுப் போட்டேன். ரத்தம் நிற்க நேரமாயிற்று.